பெரிய டயர் பூட்டினால் டீசல் மிஞ்சுமா?

ஒரு சிறு சரக்கு வண்டியை நம்பியே அடுப்பெரியும் வீடுகள் நம்மிடையே பல உள்ளன. மீனோ, காய்கறியோ, இரும்புச் சாமானோ ஏற்றிக்கொண்டு விடியுமுன் புறப்படும் அந்த வண்டியின் டயர் தேயும்போதெல்லாம் ஒரு பேச்சு எழுகிறது. "அத்தா, இம்முறை சற்றுப் பெரிய டயராகப் போட்டுவிடுவோம், வண்டியும் உயரும், மைலேஜும் கூடும்" என்பான் மகன். வளைகுடாச் சாலைகளில் அகன்ற சக்கரங்களுடன் ஓடும் பிக்கப் வண்டிகளைப் பார்த்துவிட்டு விடுமுறையில் வந்திருக்கும் மச்சானும் அதற்கு ஒத்து ஊதுவார். பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் சில கணக்குகளைத் தாங்கள் பார்த்துவிடுவது நல்லது.

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்பதுபோல் பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 15 என்பது அங்குலக் கணக்கில் ரிம்மின் விட்டம். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் முழுச் சக்கரத்தின் விட்டம் 703.5 மில்லிமீட்டர் வரும். இதற்குப் பதிலாகப் பலரும் விரும்புவது 235/75 ஆர் 15. அதன் விட்டம் 733.5 மில்லிமீட்டர். முப்பது மில்லிமீட்டர் கூடிற்று. நூற்றுக்கு நாலேகால் பங்கு. வண்டி உயர்வதோ அதில் பாதி, அதாவது 15 மில்லிமீட்டர். ஒரு விரல் தடிமனுக்காகத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்!

மைலேஜ் பற்றிய மயக்கம் இங்கேதான் தொடங்குகிறது. வண்டியின் மீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரமோ அதைச் சுழற்றும் தண்டோ எத்தனை முறை சுற்றியது என்பதையே எண்ணுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் கடந்துவிடும். மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 104 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். முன்பு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 13 தருவதாக மீட்டர் காட்டினால், உண்மையில் அது தருவது சுமார் 13.5. நட்டம் உண்டு, ஆனால் மீட்டர் சொல்லும் அளவுக்கு இல்லை. சிறிய டயர் பூட்டியவர் மைலேஜ் கூடிவிட்டதாக மகிழ்வதும் இதே மயக்கத்தின் மறுபக்கமே. ஐயமிருப்பின், நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களை வைத்து 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். புதிய டயரில் மீட்டர் 19.2 அளவில்தான் நிற்கும். வேகமும் அவ்வாறே, முள் 80இல் நிற்கையில் வண்டி 83ஐத் தாண்டியிருக்கும்.

பெரிய சக்கரத்தால் இன்ஜினின் சுற்று குறைவதால் டீசல் மிஞ்சும் என்பாருமுண்டு. சமதளமான நெடுஞ்சாலையில், காலிவண்டியில், அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் சரக்கேற்றிக்கொண்டு மேடேறும்போதும், கடைத்தெருவில் நின்று நின்று போகும்போதும், சக்கரத்தின் இழுவிசை அதே நாலு பங்கு குறைந்துபோகிறது. ஓட்டுநர் ஒரு கியர் கீழே இறக்கி ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். மிஞ்சியது அங்கே கரைந்துவிடுகிறது. போதாக்குறைக்குப் பெரிய டயரும் ரிம்மும் எடையில் கூடியவை. வண்டியில் வைத்த சுமையைவிடச் சுழலும் சக்கரத்தில் ஏறிய சுமைக்கு இன்ஜின் அதிகம் உழைக்க வேண்டும். ஆழமான கட்டைகள் கொண்ட சேற்றுநிலத்து டயர் தார்ச்சாலையில் உருள்கையில் நெளிந்து சூடாகி எரிபொருளைத் தின்னும். அதே அளவுப் புது டயர்கூடத் தேய்ந்த பழைய டயரைவிடத் தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாகவே குடிக்கும்.

ரிம்மை மட்டும் பெரிதாக்க விரும்புவோர், மொத்த விட்டம் மாறாதபடி பக்கச் சுவரைக் குறைத்துக்கொள்ளலாம். ஹைலக்ஸ் பிக்கப்பில் 265/65 ஆர் 17, 265/60 ஆர் 18 என இரு அளவுகள் வருவதுண்டு. இரண்டின் விட்டமும் ஏறக்குறைய 776, 775 மில்லிமீட்டர். மீட்டர் பிழைக்காது. ஆனால் சுவர் மெலிவதால் குண்டுகுழிகளில் ரிம் அடிபடும்.

இனிப் பொருத்தம். கடையில் வண்டியை நிறுத்திச் சக்கரத்தை மாட்டிப் பார்த்து, "இடிக்கவில்லை பாய்" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். முழுச் சுமையுடன் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கியிருக்க, ஸ்டியரிங்கை இருபுறமும் முற்றாகத் திருப்பி, ஒரு பள்ளத்தில் இறக்கிப் பார்த்த பிறகே மட்கார்டிலோ பட்டையிலோ உரசவில்லை என்று சொல்ல இயலும். உரசும் டயர் பக்கச் சுவர் கிழிந்து வெடிக்கும். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்படியான ரிம் போட்டால் உரசல் நீங்கலாம்; ஆனால் அந்தச் சுமை பேரிங் மீது விழும். அதே மிதிக்குப் பிரேக்கின் பிடியும் சற்றுத் தளரும்.

யாவற்றிலும் முக்கியமானது தாங்குதிறன். அளவுக்குப் பின் பொறித்துள்ள எண்ணைப் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925 கிலோ. அகலமாக இருக்கிறதே என்று ஜீப்புக்கான டயரைச் சரக்கு வண்டியில் பூட்டிவிட்டு, பழைய டயர் சுமந்த பாரத்தையே ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். மேலும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்துக்குப் பின் காப்பீட்டு அலுவலர் இதைத்தான் முதலில் கேட்பார்.

டீசலை மிச்சப்படுத்துவதே நோக்கமெனில், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். செலவு மிகச் சொற்பம். இவ்வளவுக்குப் பிறகும் பெரிய டயர்தான் என்று முடிவு செய்தால், நான்கல்ல, ஐந்தாக வாங்குங்கள். பழைய அளவு ஸ்டெப்னியைப் பின் அச்சின் ஒருபுறம் மாட்டி நெடுந்தூரம் ஓட்டினால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல, இடையிலுள்ள டிஃபரன்ஷியல் ஓயாமல் தேய்ந்துகொண்டேயிருக்கும்.