மௌனம் நலமாகுமா?

1895-ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களுக்கு அப்பாலிருந்த மணியைக் கம்பியின்றியே ஒலிக்கச் செய்தார் ஜகதீச சந்திர போஸ். அத்தகைய மணியொன்றை, படுக்கையிலிருக்கும் தன் பாட்டிக்காக வெள்ளவத்தையில் என் மாணவன் ஒருவன் அமைத்துள்ளான். பொத்தானை அழுத்தினால், 433 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலை விட்டுவிட்டெழும் துடிப்புகளாக அடுத்த அறைக்குச் செல்லும். ஏரியலோ 17 சென்ரிமீற்றர்க் கம்பித் துண்டு!

"தம்பி, மணி ஒலிக்காவிடில் பாட்டி நலமென்று பொருளா, பற்றரி தீர்ந்ததென்று பொருளா?" என்றேன். திகைத்தான்.

இப்போது நிமிடத்துக்கொரு துடிப்பு தானாகவே செல்கிறது; தொடர்ந்து மூன்று வராவிடில் சிவப்பு விளக்கு எரியும்.

நேயர்களே, கடல் கடந்து வாழும் பிள்ளைகளும், வீட்டிலிருந்து செய்தி வராததையே நலமென்று கொள்ளாதிருப்பார்களாக!