ஓசிடி சிகிச்சையில் ஆளுமைக் கோட்பாடு: எங்கள் நிலைப்பாடு

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு வரை, தமிழ் பேசும் குடும்பங்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஓயாமல் கை கழுவுவதும், பூட்டைப் பத்துத் தடவை இழுத்துப் பார்ப்பதும், சாமி கும்பிடும்போது அசிங்கமான எண்ணம் வந்து வதைப்பதும் சுபாவமா, நோயா? 'நீங்கள் இந்த வகை ஆள்' என்று ஒருவர் கணித்துச் சொல்லிவிட்டால் இது சரியாகிவிடுமா?

ஆளைப் புரிந்துகொள்ள ஆளுமைக் கோட்பாடு உதவும். இப்படி வதைக்கும் ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) இருக்கிறதா என்று முடிவு செய்யவோ, சிகிச்சையைத் தள்ளிப்போடவோ அதைப் பயன்படுத்துவதை நாங்கள் ஏற்கவில்லை.

இந்தக் குழப்பம் பழையது. ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் மூன்றையும் ஒரே குணமாகக் கட்டி, குழந்தைப் பருவத்து மலம் கழிக்கும் பழக்கத்தோடு 1908-இல் முடிச்சுப் போட்டார் ஃபிராய்டு. கேட்கச் சுவாரசியமான கதைதான். ஆனால் நோயாளிகளுக்குக் கைகொடுத்த வழி வேறு இடத்திலிருந்து வந்தது. லண்டனில் விக்டர் மேயர், நோயாளி அஞ்சும் பொருளைத் தொடவைத்து, உடனே கழுவவிடாமல் பார்த்துக்கொண்டார். பதற்றம் மெல்லத் தணிந்தது. இரண்டு நோயாளிகளைப் பற்றி 1966-இல் அவர் எழுதியதிலிருந்து வளர்ந்த பயிற்சிதான் இன்று முதல்நிலைச் சிகிச்சை. கூடவே எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு எதிர்ப்பு மாத்திரைகள். அவை பலன் தர 10, 12 வாரம்கூட ஆகலாம். இரண்டு வாரத்தில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுவது பெரிய இழப்பு.

கல்பாத்தியில் மடி (ஆசாரச் சுத்தம்) பார்க்கும் பாட்டிக்கு அது மனநிறைவு. கழுவிய கையையே மறுபடி கழுவும் பேத்திக்கு அது வதை. அர்த்தமில்லை என்று தெரிந்தும் அவளால் நிறுத்த முடிவதில்லை. எல்லாம் கச்சிதமாக இருந்தே தீர வேண்டும் என்ற இறுக்கமான ஆளுமையும் ஓசிடியும் வேறு வேறு. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். அப்போது ஆளுமையைக் கவனிக்கத்தான் வேண்டும்: வீட்டுப்பயிற்சியைக்கூடத் துளிப் பிசகில்லாமல் முடிக்கப் பார்த்து, அதையே புதிய சடங்காக்கிக்கொள்வார்கள்.

எனியாகிராம் போன்ற ஆளுமை வகைச் சோதனைகளிலும் இதே அபாயம் உண்டு. தீராச் சந்தேகம் உள்ளவர் விடை சரிதானா என்று சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதுவார். பூட்டின் இடத்தைச் சோதனைத்தாள் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு உள்ளிட்ட, ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே மனநோயை முடிவு செய்யச் சொல்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த அந்த வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்போ, ஆளுமைக் கோளாறுகளில் பழைய வகைகளைப் பெரும்பாலும் கைவிட்டு, பாதிப்பின் தீவிரத்தை முதலில் பார்க்கிறது. அங்கேயே வகைகள் விடைபெறும்போது, வார இறுதி வகுப்புச் சான்றிதழோடு வருபவர் கொடுக்கும் வகை முத்திரைக்கு என்ன மதிப்பு?

சுபாவம் என்று தள்ளிவிடுவது எஸ்டேட் லயங்களில் இன்னும் கொடுமையாகிறது. பொதுக்குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அரை மணி நேரம் கை கழுவினால், பின்னால் குடத்தோடு நிற்பவர்கள் திட்டத்தான் செய்வார்கள். 'சுத்தக்காரி' பட்டம் ஒட்டிக்கொள்ளும். மாமியார் முதலில் சண்டை போடுவார், பிறகு சண்டை வேண்டாமென்று தாமே தண்ணீர் மொண்டு ஊற்றுவார். அந்த உதவியும் நோயை வளர்க்கும். ஆகவே பயிற்சி குழாயடியையும் மாமியாரையும் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும்.

அதற்குத் தமிழ் வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூசும் எண்ணங்களை அரைகுறை மலையாளத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். புரியும் மொழியில் தகவல் பெறும் உரிமையை அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு தருகிறது.

பாலக்காடு, இடுக்கி மாவட்ட மனநலத் திட்டங்களில் அஞ்சுவதை எதிர்கொள்ள வைக்கும் இந்தப் பயிற்சியைத் தமிழில் தரத் தெரிந்த உளவியலாளர்களை நியமிக்க வேண்டும் என்று கேரள அரசைக் கோருகிறோம். சிகிச்சைக்குக் கோவைக்கும் தேனிக்கும் போய்வரும் நம்மவர்களின் மருத்துவக் குறிப்புகளை இருபக்க மருத்துவர்களும் ஏற்றுத் தொடர வேண்டும். எங்கள் தன்னார்வலர்கள் இனி எந்த முகாமிலும் ஆளுமை வகைத் தாள் கொடுக்கமாட்டார்கள். மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள், உடனே பேச வேண்டியவர்களுக்கு டெலி மனஸ் என்னும் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416-ஐத் தருவார்கள்.