மனுவில் கருணை வேண்டாம், தேதி வேண்டும்

ஆவடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் மனு எழுதி எடுத்து வந்தான். தெருவில் நிறுத்திச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்க மனுவில் ‘ஐயா கருணை கூர்ந்து’ என்று நாலு இடத்தில் இருந்தது. தேதி, நேரம், எந்தத் தெரு, என்ன சொல்லித் திட்டினார்கள், யார் பார்த்தார்கள் என்பது ஒரு இடத்திலும் இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு கருணையைக் கேட்கவில்லை. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்ததா என்று கேட்கிறது. அந்த வரி இல்லாத மனு, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமே கொடுக்கும் பரிசு.

தோழர்களே, அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் எழுதுங்கள். பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். இரு தரப்பின் சாதியையும் குறிப்பிடுங்கள். கடைசியில் ஒரே கோரிக்கை: எஃப்.ஐ.ஆர். போடுங்கள். ‘முதலில் விசாரிக்கிறோம்’ என்று சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள். 2018இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி, எஃப்.ஐ.ஆருக்கு முன் விசாரணை தேவையில்லை. அதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். வாங்க மறுத்தால் ஆவடி காவல் ஆணையரகத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

தம்பி திருத்தி எழுதினான். முக்கால் பக்கம்தான் வந்தது. கெஞ்சல் போனதும் புகார் தெரிந்தது.

ஜெய் பீம்.