நிழலைப் பழிக்கும் தோட்டக்கலை

பள்ளித் திடலின் தூங்குமூஞ்சி மரத்தடியில் நட்ட அழகுப்புல் வெளிறி மெலிந்தால், 'மரத்தை வெட்டிவிடலாம்' என்னும் யோசனை உடனே எழுகிறது. குற்றம் மரத்தினுடையதா? நீரூற்றுப் போல் கதிர் வளைக்கும் அப்புல் வெட்டவெளிக்கு உரியது. அதனை நிழலில் நட்டவர் தம் அறியாமையை மரத்தின்மேல் ஏற்றுவது நேர்மையன்று.

தோட்டப்புறங்களில் உழைத்த நம் மக்கள் இதனை அறியாதவர் அல்லர். வெட்ட வெட்டத் துளிர்க்கும் லாலாங் புல்லும், இரப்பர் மரக் கிளைகள் கவிந்ததும் ஒடுங்கியதை அவர்கள் கண்டவர்கள். (அந்த லாலாங்கின் செந்நிற வகையை அழகுப்புல்லாக விலைகொடுத்து வாங்குவோரும் உளர்!)

நிழலுக்கேற்ற புல் இல்லாமலில்லை. ஆசியக் காட்டோரங்களில் வளரும் 'செட்டேரியா பால்மிஃபோலியா'வின் இலை, பனங்குருத்தோலை போல் மடிப்பு மடிப்பாய் விரிவது. மரக்கிளைகளினூடே வடிந்து விழும் ஒளியே அதற்குப் போதும். மட்கிய சருகும் ஈரமும் வேண்டும். விதை சிந்திப் பரவுமாதலால், முற்றுமுன் கதிரைக் கொய்துவிடவேண்டும். தரையை மூட, 'கவ் கிராஸ்' எனப்படும் அகன்ற இலைப் புல் ஓரளவு நிழலைத் தாங்கும். அடிமரத்தை ஒட்டிய இருளில் அதுவும் மெலியும். அங்கே சருகு கிடக்கட்டும், மாணவர் அமரட்டும்.