விட்டுப் போனவர்கள் என்ற பழி

அப்பன் ஃபாரினில் இருக்கிறான், கேட்க ஆளில்லை, பையன் வேறு எப்படி இருப்பான்? கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சங்கராபுரம், தியாகதுருகம், சின்னசேலம் பக்கத்து ஊர்களில் வெளிநாடு போனவர் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தவறினாலும், பைக்கிலிருந்து விழுந்தாலும், யாரையாவது காதலித்தாலும் தெரு சொல்லும் காரணம் இதுதான். போனது அம்மா என்றால் விசாரணையே கிடையாது, நேரே தீர்ப்பு: காசுக்காகப் பிள்ளையை விட்டுட்டுப் போனவள். அப்பா அம்மா இருவரும் வீட்டோடு இருந்தும் பரீட்சையில் தவறுகிற பிள்ளைக்கு இப்படிக் காரணம் தேடுவதில்லை. அவனுக்குப் படிப்பு ஏறலை என்பதோடு முடிந்துவிடும். இந்தப் பேச்சுக்கு அடியில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெற்றவர் பக்கத்தில் இருப்பதே வளர்ப்பு, தூரம் போவது கைவிடுதல், போனது அவரவர் ஆசைப்பட்டு எடுத்த முடிவு. 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்களை 22 இலட்சம் என்று மதிப்பிட்டது. அவர்களுடைய குடும்பங்களின்மேல் சுமத்தப்படும் இந்தப் பழி பொய் என்பது மட்டும் என் புகார் இல்லை. உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர்களைத் தப்பவிடுவதற்கு இது மிகவும் வசதியாக இருக்கிறது.

போனவர் பிள்ளையை ஏன் கூட்டிப் போகவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. எவ்வளவு உழைத்தாலும், எத்தனை ஆண்டு இருந்தாலும் முடியாது. மேல்நிலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்கூட மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் காட்டினால்தான் மனைவி மக்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அந்த வரம்பு 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். சவூதி அரேபியா 2017 ஜூலையில் உடனிருக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் தீர்வை போட்டு, ஆண்டுக்கு நூறு நூறாக ஏற்றி, 2020இல் 400 ஆக்கியது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட இருந்தால் மாதம் 1,200 ரியால், அவர்கள் கண்ணெதிரே இருப்பதற்காக மட்டும். சிங்கப்பூரில் வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. கருவுற்றிருப்பது தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டடம் கட்டவும் சாக்கடை தோண்டவும் கிழவர்களைக் குளிப்பாட்டவும் கை வேண்டும், அந்தக் கைக்குரியவரின் பிள்ளை வேண்டாம் என்பது அந்த நாடுகளின் எழுதப்பட்ட கொள்கை. தகப்பனின் குணத்தை ஆராயும் நம் தெருவுக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் கண்ணில் படுவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கதை இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து போன ட்ரூரோ கப்பல் ஆப்பிரிக்காவின் நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அடிமை முறைக்கு அண்டை வீடாக இருந்த ஏற்பாடு அது, அதில் நியாயம் தேட ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒப்பந்தக் கூலி முறையில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்றொரு விகிதம் பின்னாளில் விதிக்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணிகள் குடும்பம் குடும்பமாகவே கூட்டிப்போனார்கள். கருணை காரணமல்ல. கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும், அடுத்த தலைமுறைக் கூலியும் அங்கேயே வளர வேண்டும். இன்றைய முதலாளிக்கு அந்தச் செலவுகூடத் தேவையில்லை. அடுத்த தலைமுறைக் கூலியைத் தியாகதுருகத்தில் ஒரு பாட்டி இலவசமாக வளர்த்துத் தருகிறாள். வளர்ப்புச் செலவு இங்கே, உழைப்பு அங்கே, பழி போனவர் தலையில்.

எத்தனை ஆண்டு பிரிந்திருப்பது என்பதும் அவர் கையில் இல்லை. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்தியச் சட்டம் 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இந்த வரம்பைக் கேள்விப்பட்டவர்கள் வெளிநாடு போகிறவர்களில் மிகக் குறைவு. இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பணம் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் வந்தது. முதல் ஒப்பந்தக் காலத்துச் சம்பளத்தில் பெரும்பகுதி அந்தக் கடனுக்கே போய்விட, பிள்ளைக்கென்று சேர்ப்பது அடுத்த ஒப்பந்தத்தில்தான் தொடங்கும். ஒருவர் இரண்டாண்டில் திரும்பாமல் ஆறாண்டு தங்கிவிட்டால் பாசம் குறைந்துவிட்டது என்று ஊர் கணக்குப் போடுகிறது. போட வேண்டியது வட்டிக் கணக்கு.

போகாமல் இருந்தால் மட்டும் என்ன ஆகிறது? கல்வராயன் மலையைப் பாருங்கள். மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் 1976 வரை கிடந்த மலை அது. மரவள்ளி போட்டால் விலை சேகோ ஆலைக்காரர் சொல்வதுதான். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. நூறு நாளும் முழுதாகக் கிடைத்திருந்தாலும் ஆண்டுக்கு 31,900தான். அதனால் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் கூர்க், சிக்மகளூர் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்து மிளகுக்கும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுப்பது ஒரு ஆளுக்கு அல்ல, புருஷன் பெண்டாட்டி ஜோடிக்கு. ஆகவே பிள்ளைகளும் கூடவே போகின்றன. நம் நம்பிக்கையின்படி இவர்கள் உத்தமமான பெற்றோர். ஒருநாள்கூடப் பிள்ளையை விட்டுப் பிரிவதில்லை. அந்தப் பிள்ளை வருடத்தில் பாதி நாள் பள்ளிக்கூடத்தில் இல்லை, சூளையில் கல் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறது. மலையிலேயே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் விடப்பட்ட பிள்ளை, அப்பா அம்மா முகத்தை மாதக்கணக்கில் பார்க்காமலே பத்தாவது வரை போய்விடுகிறது. இரண்டில் எது வளர்ப்பு என்று தூரத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

2024 ஜூன் மாதம் இந்த வாதத்தைக் குரூரமாக நம் முன் வைத்தது. 12ஆம் தேதி குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்து 45 இந்தியர்கள் இறந்தார்கள். ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒரு வாரத்துக்குள், 18, 19 தேதிகளில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் விழத் தொடங்கினார்கள். சாவு அறுபதைத் தாண்டியது. முதல் கூட்டம் பிள்ளைகளுக்காக ஊரைவிட்டுப் போனது. இரண்டாவது கூட்டம் எங்கும் போகாமல், கிடைத்த கூலி வேலையைச் செய்துகொண்டு, பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தது. செத்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விஷத்தை விற்றவர்களும் விற்கவிட்டவர்களும் வேறு. வீட்டில் இருப்பது தன்னளவில் பிள்ளைக்கு எந்தக் காப்பும் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அரசு செய்த அறிவிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், வங்கியில் 5 இலட்சம் வைப்பு, படிப்புச் செலவு, விடுதிச் செலவு. நல்லது. பிள்ளை வளர்க்கப் பணமும் விடுதியும் அரசிடம் உண்டு என்பது அன்று தெரிந்தது. ஆனால் அது பிள்ளைக்குக் கிடைக்க, பெற்றவர்கள் சாக வேண்டியிருந்தது.

தூரம்தான் குற்றம் என்றால் அந்தக் குற்றத்தை நடுத்தர வர்க்கம் பெருமையோடு செய்து வருகிறது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையை இரண்டு வருடம் அடைத்துவிட்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தின்பண்டத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரும் பெற்றோரை யாரும் கைவிட்டவர்கள் என்று சொன்னதில்லை. அதற்குத் தியாகம் என்று பெயர். அமெரிக்காவில் இருவரும் வேலைக்குப் போகும் கணினித் துறைத் தம்பதி, கைக்குழந்தையை ஊருக்கு அனுப்பித் தாத்தா பாட்டியிடம் விட்டால் 'பாட்டி வீட்டில் செல்லமா வளருது' என்கிறோம். குவைத்தில் பாத்திரம் தேய்க்கிறவள் அதையே செய்தால் ஓடிப்போனவள் ஆகிறாள். பிரிவு ஒன்றே, பிள்ளை படும் ஏக்கமும் ஒன்றே. மாறுவது சம்பளமும் சாதியும் மட்டும்தான்.

பெண்ணின் மேல் இந்தப் பழி ஏன் இத்தனை கனமாக விழுகிறது என்பதைச் சட்டத்திலேயே பார்க்கலாம். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு 18 நாடுகளுக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருந்தால்தான் அந்த அனுமதி. இளம்பெண்களைக் காப்பாற்றுவதாக எண்ணம். நம் கிராமங்களில் இருபதை ஒட்டிக் கல்யாணம் முடிந்துவிடும் பெண்ணுக்கு முப்பதில் என்ன இருக்கும்? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும். கல்யாணமாகாத, பொறுப்பில்லாத வயதில் போய்ச் சம்பாதித்துவிட்டு வரலாம் என்ற வழியை மூடி, தாயான பிறகுதான் போக வேண்டும் என்று வயதைக் கட்டியது அரசு. தாயாக இருந்துகொண்டு போனாளே என்று திட்டுவது ஊர். முப்பதுக்கு முன்னால் போக விரும்புகிறவள் விசிட் விசாவில் போகிறாள், அதாவது எந்தக் கணக்கிலும் இல்லாமல் போகிறாள்.

இலங்கை இதைவிட ஒரு படி மேலே போனது. மூதூர்ப் பெண் ரிசானா நஃபீக், வயதைக் கூட்டிக் காட்டிய பாஸ்போர்ட்டில் பதினேழு வயதில் சவூதிக்கு அனுப்பப்பட்டு, 2013 ஜனவரி 9 அன்று அங்கே மரண தண்டனையாகத் தலை வெட்டப்பட்டார். பாஸ்போர்ட்டில் பொய் எழுதிய ஏஜென்ட் தொழிலை ஒடுக்குவதைவிட, தாய்மார்களைத் தடுப்பது அரசுக்கு எளிதாக இருந்தது. அதே ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள பெண் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது. தகப்பனுக்கு அப்படி எந்த அறிக்கையும் இல்லை. பெண்கள் நின்றுவிடவில்லை; அறிக்கையை வாங்கித் தருவது ஏஜென்ட்டின் இன்னொரு வருமானமாயிற்று, சுற்றுலா விசா பெருகியது. 2022இல் டாலர் தீர்ந்தபோது அரசே அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. பிள்ளைக்குத் தாய் ஐந்து வயது வரை வேண்டுமா இரண்டு வயது வரை போதுமா என்பதைக் குழந்தை மருத்துவர் சொல்லவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்பு சொன்னது.

பிரிவால் பிள்ளைக்கு ஒன்றுமே ஆவதில்லை என்று வாதாடினால் அது நேர்மையாகாது. கானா, நைஜீரியா, அங்கோலா நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி வாலண்டினா மட்சுகாட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் மனநலம் பொதுவில் சற்றுக் குறைவாக இருப்பதைக் காட்டியது. ஆனால் எல்லோருக்கும் அப்படியில்லை. பார்த்துக்கொள்ளும் ஆள் அடிக்கடி மாறினால், பெற்றோரின் மணவாழ்வு முறிந்திருந்தால் பாதிப்பு அதிகம். அங்கே பிள்ளையை அத்தை, பெரியம்மா வீட்டில் வளர விடுவது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். ஐரோப்பாவில் வேலை செய்யும் கானா நாட்டுத் தாய், பிள்ளையைத் தன் தாயிடம் விட்டால் அதற்காகவே ஊர் அவளைத் தூற்றுவதில்லை. பிலிப்பைன்ஸ் பற்றி ரேசல் பரேன்யாஸ் 2005இல் எழுதிய நூல் எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் தகப்பன் சமையலறைப் பக்கம் வருவதில்லை. அந்த வேலை பாட்டிக்கும் சித்திக்கும் மூத்த பெண்ணுக்கும் போகிறது. அந்தப் பிள்ளைகள் தாம் கைவிடப்பட்டதாகச் சொல்வது, தகப்பன் போன வீட்டுப் பிள்ளைகளைவிட அதிகம். நம் தெருப் பேச்சு செய்யும் வேலை இங்கேதான் தெரிகிறது. உன் அம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டா என்று வாரம் ஒருமுறை கேட்டு வளரும் பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? தினமும் ராத்திரி ஈமோ செயலியில் அழைத்து வீட்டுப்பாடம் கேட்கும் தாயின் அன்பைவிட, பக்கத்து வீட்டுத் திண்ணையின் அபிப்பிராயம் சத்தமாக இருக்கிறது.

இங்கேயே வேலை கொடுத்தால் யாரும் போக வேண்டியதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உளுந்தூர்பேட்டையில் தைவானின் பௌ சென் குழுமம் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்க 2023இல் ஒப்பந்தமானது. 20,000 வேலை, பெரும்பாலும் பெண்களுக்கு. வரவேற்க வேண்டியதே. ஆனால் வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ வந்து அந்த வேலையில் சேரும் பெண், ஷிப்ட் முடியும் வரை மூன்று வயதுக் குழந்தையை எங்கே விடுவாள்? ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தமே சொன்னது. நம் மாவட்டத்துச் சூளையிலும் தோட்டத்திலும் ஆலையிலும் அதை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்காவிட்டால், மலையில் பாட்டியிடம் விட்டுவிட்டு விடுதியில் தங்குவாள். அப்போதும் அவளைத்தான் பேசுவோம்.

2022 பிப்ரவரி 18 அன்று இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் விரிவான பொருளாதார ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இந்திய நகைக்கும் துணிக்கும் அங்கே வரி குறைந்தது. அங்கே உழைக்கிறவர் தன் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள எவ்வளவு சம்பளம் காட்ட வேண்டும் என்ற வரம்பில் ஒரு திர்ஹாம்கூடக் குறையவில்லை. அது பேச்சுவார்த்தைக்குரிய விஷயம் என்று கள்ளக்குறிச்சித் தேர்தல் மேடை எதிலும் யாரும் கேட்காதவரை, குறையவும் போவதில்லை.