பிள்ளையின் குடியியற் பாடம்

ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடியியல் கட்டாய பாடம். அரைப் பாடம்தானே என்று பெற்றோர் சிலர் கணிதப் புள்ளியை மட்டும் விசாரிக்கிறார்கள். இப்பாடம் எமக்கும் தேவையானது.

1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனத்தைப் பிள்ளையோடு இருந்து பாருங்கள். வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டும். உயிர், சுதந்திரம், பாதுகாப்பு 'எல்லோருக்கும்' என்று எழுதியிருக்கிறது. அந்த எல்லோருக்குள் இந்த மண்ணில் நிற்கும் அகதியும் அடக்கம் என்பது 1985இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வந்த விளக்கம். எமது கதையை நேரிலே சொல்ல விசாரணை கிடைத்தது அந்தத் தீர்ப்பினாலேதான்.

தொழிற்சாலையில் ஆபத்தான வேலையை மறுக்கவும் எமக்கு உரிமை உண்டு. அதற்குப் பிரஜாவுரிமை தேவையில்லை. பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், பழுதான இயந்திரத்தை மேற்பார்வையாளருக்கு அறிவிப்பதும் எமது கடமை. வரி கட்டுவதும் அப்படியே. வாக்கு பிறகு வரும். கடமை இன்றே தொடங்கிவிட்டது.

"பேப்பர் வரும்வரை வாய் திறவாதே" என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். இன்றிரவே அந்தப் புத்தகத்தை விரிக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள ஆங்கிலத்தைப் பிள்ளை விளங்கப்படுத்தட்டும். பிரஜாவுரிமையை இழந்தால் என்னவாகும் என்பதை, 1948இல் மலையகத் தமிழருக்கு நடந்ததை வைத்து நாம் விளங்கப்படுத்துவோம்.