கற்ற கல்வியும் பெற்ற பாட்டும்

நாட்டுப்புறப் பாடல் கல்லாதவர்க்கே உரியது என்றும், கல்வி வளர வளர அது தானே மறைந்துவிடும் என்றும் எண்ணுவோர் பலர். உயர்கல்வி பெற்றவர் தம் ஊர்ப்பாட்டைப் பாடுவது தகுதிக்குறைவு எனக் கருதுவோரும் உளர். இவ்வெண்ணம் பிழையானது என்பதற்கு அசாமியப் பாடலாசிரியரும் பாடகருமான பூபேன் ஹசாரிகாவின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

அவர் 1926ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அசாமின் சாதியாவில் பிறந்தார். தாயின் தாலாட்டைக் கேட்டு வளர்ந்த அவருடைய குரல்வளத்தை, தேஜ்பூரில் கலைஞர்கள் ஜோதிபிரசாத் அகர்வாலாவும் விஷ்ணு பிரசாத் ராபாவும் கண்டறிந்து போற்றினர். 1939இல் வெளிவந்த ‘இந்திரமாலதி’ திரைப்படத்தில் பாடியபோது அவர் பள்ளிச் சிறுவர். பின்னர் 1946இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முதுகலைப் பட்டமும், 1952இல் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

இத்தகைய கல்வி ஒருவரைத் தம் மண்ணிலிருந்து பிரித்துவிடுவதும் உண்டு. ஹசாரிகாவுக்கோ அது தம் மண்ணை உற்றுநோக்கும் கண்ணைத் தந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்குரலாக விளங்கிய பாடகர் பால் ராப்சனை அவர் நியூயார்க்கில் சந்தித்தார். மிசிசிப்பி ஆற்றைப் பற்றி ராப்சன் பாடிய பாடல் அவர் உள்ளத்தைத் தொட்டது. அதன் தாக்கத்தால் அசாமிய மொழியில் தாமும் ஓர் ஆற்றுப்பாடல் இயற்றினார்.

இதனைக் கடன்பெற்ற பாட்டு எனச் சிலர் குறை கூறலாம். அக்கூற்று பொருந்தாது. ராப்சன் பாடிய ஆறு, உழைப்போர் துயரை அறியாததுபோல் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஹசாரிகாவோ ஆற்றையே முன்னிறுத்தி, கரைவாழ் மக்களின் துன்பத்தைக் கண்டும் வாய்திறவாது ஓடுவது ஏன் என வினவுகிறார். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் காவிரியை விளித்துப் பாடும் பாடல்களைக் கற்ற நமக்கு, ஆற்றோடு பேசும் இம்மரபு புதிதன்று. அப்பாடல் வங்காளத்திற்கும் இந்திக்கும் சென்றபோது பிரம்மபுத்திராவின் இடத்தில் கங்கை அமர்ந்தது. ஆற்றின் பெயர் மாறியது, கேள்வி மாறவில்லை.

பல்லக்குச் சுமப்போரைப் பற்றிய அவரது பாடலும் எண்ணத்தக்கது. உள்ளே அமர்ந்தவரின் பட்டுத் தலைப்பாகையையும், பிகு திருநாளுக்குக்கூட மகனுக்கு ஒரு சட்டை வாங்க இயலாத சுமப்பவரின் வறுமையையும் அப்பாடல் அருகருகே வைத்துக் காட்டுகிறது. உழைப்போரின் மூச்சும் நடையுமே அதன் தாளம். பல்கலைக்கழகம் தந்த சமூக அறிவும், ஊர்மக்கள் தந்த இசையும் இங்கு ஒன்றாகின்றன. இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் இப்பாடல் பிறந்திராது என்பதே என் கருத்து.

1992ஆம் ஆண்டிற்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2011இல் அவர் மறைந்தார். 2019இல் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. அவர் பிறந்த சாதியாவைத் தோலாவுடன் இணைக்க, பிரம்மபுத்திராவின் துணையாறான லோகித்தின்மேல் அமைந்து 2017இல் திறக்கப்பட்ட 9.15 கிலோமீட்டர் நீளப் பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆற்றை நோக்கிக் கேள்வி கேட்டவர்க்கு ஆற்றின்மேலேயே நினைவுச்சின்னம் அமைந்தது பொருத்தமே.

மாணவர்களே, தாய்மொழி வழங்கும் நிலத்திற்கு அப்பால் பயிலும் உங்களுக்கு இவ்வாழ்க்கை மிகவும் பொருந்தும். உயர்கல்வி பெறுங்கள், உலகெங்கும் செல்லுங்கள். அதற்காக வீட்டுப்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. உங்கள் பாட்டி அறிந்த தாலாட்டையோ நடவுப்பாட்டையோ கேட்டு எழுதி வையுங்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் இராது. ஆயினும் நாளை நீங்கள் உலகிற்குச் சொல்லப்போகும் சொல்லுக்கு அதுவே வேராகலாம்.